தள்ளினால் ஓடும் பிக்கப்

கணேசலிங்கம் அண்ணைக்கு வாய் பெரிது, பிக்கப் சின்னது. மனோர் பார்க்கில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் கீழே அவரும் மனைவி தவமலரும். மேலே நாங்கள் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவன் தவமலர் அக்காவின் தம்பி குகதாசன். ஈஸ்ட் ஹாம் கடைகளுக்கு அரிசி மூட்டையும் வெங்காயமும் ஏற்றி இறக்குவது அண்ணையின் தொழில். அதற்குத்தான் அந்தப் பழைய டீசல் பிக்கப்.

வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே, எண்பத்தெட்டில், எஞ்சினைக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது. திறப்பைத் திருப்பினால் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், எஞ்சின் அசையாது. அண்ணை கீழே படுத்துச் சுத்தியலால் தட்டுவார். கொஞ்ச நாள் தட்டலுக்கு மசிந்தது. பிறகு பழைய வாகனங்கள் உடைக்கிற இடத்தில் இன்னொரு ஸ்டார்ட்டர் எடுத்துப் பூட்டினார். அதுவும் போனது. பற்றரியை மாற்றினார், வயரை மாற்றினார், வெள்ளிக்கிழமை முருகன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழமும் நசித்தார். மூன்றாவது ஸ்டார்ட்டரும் கையை விரித்தபோது, சவுத்தாலில் ஒரு மெக்கானிக் பார்த்துச் சொன்னான்: உள்ளே இருக்கிற பெரிய சக்கரத்தின் பற்கள் தேய்ந்துவிட்டன, எத்தனை ஸ்டார்ட்டர் பூட்டினாலும் அது தின்றுவிடும், கியர்பொக்ஸை இறக்கிச் சக்கரத்தை மாற்ற வேண்டும், ஒரு கிழமைக்கு வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்.

"ஒரு கிழமை நிண்டால் கடைக்காரர் வேற ஆளைப் பிடிச்சிடுவினம்" என்றார் அண்ணை. "வீட்டில அஞ்சு ஆம்பிளையள் இருக்கேக்க எனக்கேன் ஸ்டார்ட்டர்?"

அன்றிலிருந்து எங்களுக்கு நாள்தோறும் தேர்த்திருவிழா. ஷிப்டுக்குப் போகுமுன் எல்லாரும் தெருவில் நின்று தள்ளுவோம். அண்ணை உள்ளே ராசா மாதிரி இருந்து கிளட்சை விடுவார். எஞ்சின் உதறிக்கொண்டு பிடிக்கும், கரும்புகை எங்கள் முகத்தில் அடிக்கும். "ஊர் கூடித் தேர் இழுக்கிறதெண்டால் இதுதான், இஞ்ச சாமி மட்டும் வெத்திலை போட்டுக்கொண்டு இருக்குது" என்பான் குகதாசன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அவன் இருந்ததால்தான் அந்தக் கூத்தைப் பொறுத்துக்கொண்டேன். நல்லவன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில், கோப்பாயில். அவர்களைக் கூப்பிடுவதுதான் அவனுடைய ஒரே நினைப்பு. அதற்குள் அவனுடைய அகதிக் கேஸை நிராகரித்துவிட்டார்கள். எந்த நேரமும் பிடித்து அனுப்பலாம். பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பகலில் நித்திரை, கதவைத் தட்டினால் பின்பக்கத்தால் பாயத் தயார். அப்படித்தான் இருந்தான்.

தொண்ணூற்றொன்று பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இதையெல்லாம் தவமலர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று ஏற்றுவதற்குச் சாமான் இல்லை. பிக்கப் வாசலில் குளிர்ந்துபோய் நின்றது. மத்தியானம் குகதாசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். வாய்வு என்றான். அக்கா இஞ்சி அவித்துக் கொடுத்தார். குடித்ததைச் சத்தியெடுத்தான், முகமெல்லாம் வியர்வை.

"ஆம்புலன்ஸுக்கு அடிப்பம்" என்றார் அக்கா.

"வேண்டாம் அக்கா. வந்தவுடன பேப்பர் கேப்பாங்கள். பிடிச்சு அனுப்பிப்போட்டால் அதுகளின்ரை கதி என்ன?"

அந்தப் பயத்தை இங்கே பிறந்தவர்கள் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே ஆமி விசாரித்ததைக் கண்டவர்கள் நாங்கள். வெள்ளை உடுப்பு வந்தால் பின்னால் காக்கி உடுப்பும் வரும் என்றே நம்பியிருந்தோம். அண்ணையும் அப்படித்தான் நினைத்தார்.

"நான் கொண்டுபோறன். வாசலில இறக்கிவிட்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்றார்.

மைத்துனனைத் தாங்கி ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பினார். பல்லைக் கடித்தது. சுத்தியலோடு கீழே படுத்தார். எழும்பித் திருப்பினார். கடித்தது. மேல்வீட்டில் ஒருவரும் இல்லை. நாங்கள் நாலு பேரும் வேலையில். தெருவில் ஈ காக்காய் இல்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய்த் தனியே தள்ளினார். வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. "இறங்கித் தள்ளுங்கோவன்" என்று கத்தினார். அண்ணை இறங்கினால் கிளட்சை விட ஆள் வேண்டும். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, குகதாசனுக்கும் தெரியாது.

அப்போதுதான் கதவு திறந்தது. குகதாசன் இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தான்.

"டேய், நீ ஏறு" என்றார் அக்கா.

"ரெண்டு பேர் எண்டால் ஏலும் அக்கா. நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கோ."

தள்ளினார்கள். வண்டி உருண்டது. எஞ்சின் உதறிக்கொண்டு பிடித்தது, கரும்புகை அடித்தது. அண்ணை சந்தோஷத்தில் ஹோர்ன் அடித்தாராம். புகை விலகியபோது குகதாசன் தெருவில் குப்புறக் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒருவரும் பேப்பர் கேட்கவில்லை. பெயரும் பிறந்த திகதியும் மட்டும் கேட்டார்கள். ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். கோப்பாய்க்குச் செய்தி சொல்லும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது.

செத்தவீடு முடிந்த கையோடு அண்ணை பிக்கப்பைச் சவுத்தாலில் கொண்டுபோய் விட்டார். ஒரு கிழமை நின்றது. கடைக்காரர் ஒருவரும் வேறு ஆளைப் பிடிக்கவில்லை. அதன் பிறகு திறப்பைத் தொட்டாலே எஞ்சின் பிடித்தது. காலையில் அந்தச் சத்தம் கேட்டால் தவமலர் அக்கா செய்கிற வேலையை விட்டுவிட்டுப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொள்வார்.