பன்னிரண்டு பாத்தி உளுந்து

பயன்பாட்டு உயிரியல் என்ற படிப்பில் நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மருத்துவத்துக்கு இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு முறையும் மதிப்பெண் பத்தவில்லை. மூன்றாவது முறை எழுத எனக்கே மனம் வரவில்லை. சிம்மக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் நிரம்பியிருந்தன. இந்தப் பாடத்தில் இடம் இருந்தது. சேர்ந்தேன்.

அது என்ன படிப்பு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அம்மா ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் சொல்வாள். கயிறும் சாக்கும் விற்கும் மொத்தக் கடை வைத்திருந்த அப்பா மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னார். "கிருமி வளக்குற படிப்பு." கேட்டவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அப்பா சொன்னதில் தப்பில்லை. முதல் இரண்டு வருஷமும் நாங்கள் பெரும்பாலும் கிருமிதான் வளர்த்தோம். கிருமி தின்று வளர்வதற்காகக் கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி உறையவிடும் தீனியை 'மீடியா' என்போம். அதைக் காய்ச்சி ஊற்றுகிற நாட்களில் ஆய்வகம் முழுக்கப் புளித்த மாவும் வேகவைத்த கறியும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். அதே வாசனையோடு பஸ் ஏறுவேன். விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் கையை ஆடாமல் வைத்துக்கொண்டு, கிருமியைத் தொட்ட கம்பி முனையால் தட்டில் கோடு இழுத்து, மறுநாள் தனித்தனிப் புள்ளிகளாகக் கிருமி முளைத்திருப்பதைப் பார்ப்பது எனக்கு நன்றாகக் கைவந்தது. வகுப்பிலேயே சுத்தமான தட்டு என்னுடையதாக இருக்கும். டாக்டராகவில்லை என்ற வருத்தம் அந்தத் தட்டுகளைப் பார்க்கும்போது கொஞ்சம் குறைந்தது.

என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவள். ஆய்வகத்தில் அவள் கை மெதுவாகத்தான் ஓடும். தட்டில் பூஞ்சை பிடித்துவிடும். ஆனால் வயலில் நடப்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் பேராசிரியை, பயறு வகைச் செடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும், அதற்குள் வாழும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கும் என்று படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இவள் என் காதில் சொன்னாள். "ஏடி, எங்க உளுந்துல பிடுங்குனா இது கொத்துக் கொத்தா இருக்கும். இம்புட்டு நாளும் பூச்சி வச்ச முட்டைன்னுல்ல நெனச்சேன்."

மூன்றாம் வருஷம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும் என்றபோது நாங்கள் இரண்டு பேரும் அந்த முடிச்சையே எடுத்துக்கொண்டோம். பயறு வகைக் காட்டுச் செடி ஒன்றின் வேர் முடிச்சை நசுக்கி, அதிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடைசியில் சிவப்பு நிற மீடியாவில் வெள்ளை வெளேரென்று முத்து மாதிரி வந்தது. அதைக் கரித்தூளில் கலந்து ஒரு பாக்கெட் பொடியாக ஆக்கினோம். விதையை அந்தப் பொடியில் புரட்டி விதைத்தால் உளுந்து எப்படி வருகிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

நிலம் அவளுடைய சித்தியினுடையது. சித்தப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். இரண்டு மாட்டையும் மானாவாரிப் புஞ்சையையும் சித்திதான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நானும் அவரைச் சித்தி என்றே கூப்பிட்டேன். புஞ்சையின் ஒரு மூலையில் பன்னிரண்டு பாத்தி பிரித்தோம். அளந்து கட்ட அப்பா கடையிலிருந்து நைலான் கயிறு கொண்டுபோயிருந்தேன். ஆறு பாத்திக்குச் சிவப்பு ரிப்பன், அவற்றில் பொடி புரட்டிய விதை. ஆறு பாத்திக்கு வெள்ளை ரிப்பன், அவற்றில் ஒன்றும் சேர்க்காத வெறும் விதை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படி வெறுமனே விட்டுவைப்பதை நாங்கள் 'கண்ட்ரோல்' என்போம். அது இல்லாமல் எந்தச் சோதனையும் சோதனையில்லை என்று முதல் வருஷத்திலிருந்தே எழுதி எழுதிக் கை வலித்திருந்தது.

பொடியையும் விதையையும் சித்தியிடம் கொடுத்துவிட்டு மழைக்காகக் காத்திருந்தோம். புரட்டாசி முடிகிற நேரத்தில், எங்களுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில், அது வந்தது. சித்தி காலையிலேயே போன் போட்டார்.

"தாயி, நல்ல மழை. ஈரம் நிக்கிறப்பவே வெதைச்சிரணும். நீங்க வாற வரைக்கும் வச்சிருந்தா காஞ்சு போயிரும்."

"நாளைக்கும் பரீட்சை இருக்கு சித்தி. நீங்களே வெதைச்சிருங்க" என்றாள் தோழி. ஆறிய வடிகஞ்சியில் பொடியைக் கரைத்து விதையில் புரட்ட வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், சிவப்பு ரிப்பனுக்கு அந்த விதை, வெள்ளை ரிப்பனுக்கு வெறும் விதை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "வெள்ளைக்குப் பொடி போடாதீக சித்தி."

"சரித்தா, சரித்தா. நீங்க போயி பரீட்சைய எழுதுங்க."

சனிக்கிழமை போனபோது விதைப்பு முடிந்திருந்தது. ரிப்பன்கள் அந்தந்த இடத்தில் கட்டியபடி இருந்தன. சந்தோஷமாகத் திரும்பினோம்.

ஒரு மாதம் கழித்து முதல் எண்ணிக்கை. ஒவ்வொரு பாத்தியிலும் சில செடிகளைச் சுற்றி மண்ணைக் கொத்தி, வேர் அறாமல் எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசினோம். வேரை வெள்ளைத் தட்டில் பரப்பி முடிச்சுகளை எண்ணினோம். முடிச்சைப் பிளேடால் நறுக்கினால் உள்ளே ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். சிவப்பு ரிப்பன் பாத்திகளில் நிறைய முடிச்சு, உள்ளே நல்ல ரோஸ். நான் சிரித்துக்கொண்டே வெள்ளை ரிப்பனுக்கு வந்தேன். அங்கேயும் அதே அளவு முடிச்சு, அதே ரோஸ். ஆறு பாத்தியிலும் அப்படித்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நோட்டைத் திறந்து அந்த எண்களையே மறுபடி மறுபடி பார்த்தேன். நான் வளர்த்த கிருமி செத்துப் போயிருக்க வேண்டும், மண்ணில் ஏற்கெனவே இருந்த கிருமிதான் எல்லாச் செடியிலும் முடிச்சு வைத்திருக்கிறது என்று நினைத்தேன். வகுப்பிலேயே சுத்தமான தட்டுக்காரிக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. மிச்சமிருக்கும் பொடியை எடுத்து மறுபடி மீடியாவில் போட்டுப் பார்த்தால் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது எண்ணிக்கைக்குப் போனபோது சித்தியிடம் அந்தப் பொடியைக் கேட்டேன்.

"மிச்சம் ஏதுத்தா? அம்புட்டையும் போட்டாச்சே."

"ஆறு பாத்திக்குப் பாதி பாக்கெட்டுதான ஆகும்?"

"பன்னெண்டுக்குந்தான் போட்டேன்."

தோழி வாளியைக் கீழே வைத்தாள். "வெள்ளைக்குப் போடாதீகன்னு சொன்னேன்ல சித்தி?"

"சொன்ன. ஆனா மனசு கேக்கல. அந்த ஆறு பாத்தி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? பந்தியில பாதிப் பேருக்குச் சோத்தப் போட்டுட்டு பாதிப் பேரப் பாத்துக்கிட்டு இருன்னு உக்கார வைப்பமா? அதான் ஒண்ணாக் கலந்து போட்டுட்டேன். எல்லாம் நல்லாத்தான வந்திருக்கு?"

எல்லாம் நல்லாத்தான் வந்திருந்தது. அதுதான் பிரச்சினை. தோழி உட்கார்ந்து விளக்கினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பொடி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரியும், அதற்காகத்தான் ஆறைப் பட்டினி போட்டோம் என்றாள். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சின்னதாகிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? போடாதன்னு சொன்னீக. ஏன் போடக்கூடாதுன்னு சொல்லலையே. சொல்லிருந்தா நான் ஏன் போடப் போறேன்?"

மறுபடி விதைக்கவும் காலம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து நான் ஒரு காரியம் செய்தேன். குறிப்பு நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திருப்பிக் கட்டம் போட்டேன். சிவப்புக்கு எண்ணியதை எண்ணியபடி எழுதினேன். வெள்ளைக்கு, ஒவ்வொரு செடிக்கும் பாதிக்குக் கொஞ்சம் கூடக் குறைய, நானாக எழுதினேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று இங்கே ஒன்றைக் கூட்டி அங்கே ஒன்றைக் குறைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் பேராசிரியையிடம் நீட்டினேன். அவர் மேஜையில் இன்னும் எத்தனையோ நோட்டுகள் கிடந்தன. கட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கே" என்று கையெழுத்துப் போட்டார்.

கேண்டீனில் தோழியிடம் காட்டினேன். அவள் மெதுவாக விரல் வைத்துப் படித்தாள்.

"இத எப்ப எண்ணுன?"

"எண்ணல."

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். "எம்பேர இதுல போடாத."

"லூசா நீ? யாரு இப்ப உசிலம்பட்டிக்குப் போயி எண்ணப் போறா? நீ பி.எட். படிச்சு டீச்சராயிருவ. எனக்கு எம்.எஸ்ஸி. சீட் வேணும். மார்க் வேணும்."

"இந்தப் பொடிய போட்டா முடிச்சு ரெண்டு பங்கு வருதுன்னு எழுதிருக்க. நாளைக்கு இத ஒருத்தர் நம்பி ஊர் ஊராச் சொன்னா, மொத ஆளா வாங்கிப் போடுறது எங்க சித்திதான். பாதியப் பட்டினி போடக்கூடாதுன்னு நெனச்ச மனுசிக்குப் பொய்யக் குடுப்பியா?"

நான் கோபத்தில் எழுந்து போய்விட்டேன். மூன்று நாள் பேசவில்லை. ஆய்வகத்தில் ஒரே மேஜையில் நின்றுகொண்டு, தேவையான பாட்டிலைக்கூட நடந்து சுற்றிப் போய் எடுத்தேன். அவள் சொன்னது சரி என்று கேண்டீனிலேயே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அவ்வளவு வந்தது. நான்காம் நாள் பேராசிரியை அறைக்குத் தனியாகப் போய், வெள்ளை ரிப்பன் கட்டத்திலிருக்கும் எண்கள் எல்லாம் நானே போட்டவை என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நோட்டை வாங்கி, தன் கையெழுத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் பாக்காமப் போட்டது என் தப்பு. எண்ணுனத மட்டும் எழுதிட்டு வா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோழியிடம் போய்ச் சொன்னேன். அவள் "சரி வா, சனிக்கிழமை போவோம்" என்றாள், அவ்வளவுதான்.

அதற்குள் சித்தியே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் புஞ்சையிலும் உளுந்துதான். அதே மழைக்கு விதைத்தது, பொடி எதுவும் போடாதது. "அந்த அண்ணன்கிட்டக் கேட்டுட்டேன். பிடுங்கிக்கிறச் சொல்லிருச்சு." அந்தப் புஞ்சைக்காரர் வரப்பில் நின்றுகொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஒரே எடத்துல பிடுங்கி வழுக்கையாக்கிறாதீக. அங்கிட்டொண்ணு இங்கிட்டொண்ணா எடுங்க." புள்ளியியல் பாடத்தில் நாங்கள் ஒரு செமஸ்டர் படித்தது அதைத்தான்.

அவருடைய செடிகளில் முடிச்சு இருந்தது. எங்களுடையதைவிடக் குறைவு, ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. நறுக்கிப் பார்த்தால் சிலதில் உள்ளே வெளுப்பாக இருந்தது. அதையும் முழுதாக நம்ப முடியவில்லை. அவர் போன கோடையில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார், சித்தி போடவில்லை. மண்ணே வேறு என்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அப்படியே எழுதினோம். பொடி வேலை செய்திருக்கலாம், இந்தச் சோதனையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தோம். எங்கள் வகுப்பிலேயே அப்படி முடிந்த புராஜெக்ட் அது ஒன்றுதான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் அறிக்கையைப் புரட்டி மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"கண்ட்ரோல் எங்கம்மா?"

நான் நடந்ததைச் சொன்னேன். பந்தி, சோறு என்று சித்தி சொன்னதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த அம்மாவுக்கு யார் விளக்கிச் சொன்னது?"

"நாங்கதான் சார். போன்ல."

"எதுக்காகன்னு சொன்னீங்களா?"

"இல்ல சார்" என்றாள் தோழி.

"அப்ப கண்ட்ரோலக் கெடுத்தது யாரு?"

"நாங்கதான் சார்."

அவர் பேனாவால் ஓரத்தில் எதையோ எழுதினார். பிறகு பாக்டீரியாவைப் பிரித்ததைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்டார். அதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். மதிப்பெண் நடுத்தரமாக வந்தது. அட்டவணை அழகாக இருந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு மேலே இருந்தார்கள். அவற்றில் எத்தனை வீட்டில் உட்கார்ந்து எழுதியவை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

தோழி பி.எட். சேர்ந்தாள். நான் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்தேன். அதற்கு நுழைவுத் தேர்வை வைத்துத்தான் இடம் கொடுத்தார்கள். புராஜெக்ட்டில் எவ்வளவு மதிப்பெண் என்று யாரும் கேட்கவில்லை. சேர்ந்த முதல் வாரம், பிடித்த பாடம் எது என்று ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார்கள். மண் நுண்ணுயிரியல் என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவத்துக்கு இரண்டு முறை எழுதிப் பார்த்ததை அந்த வருஷம் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.