ஃபோகஸுக்கு நின்றவன்

பகலெல்லாம் நான் ராஜபாளையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். இறந்தவர் படம் என்று தபால்தலை அளவில் மங்கலாக ஒன்றைக் கொண்டுவந்தால் எனக்குக் கோபம் வரும். "உசுரோட இருக்கையில ஒரு நல்ல போட்டோ எடுத்து வைக்க மாட்டீயளா?" என்று துக்க வீட்டுக்காரர்களிடமே கேட்டிருக்கிறேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

ராத்திரியில் தெருக்களைப் படம் எடுப்பேன். அதுதான் எனக்கே எனக்கான வேலை. மில் ஷிப்டு பஸ் போன பிறகு காலியாகக் கிடக்கும் ரோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் மழை ஓய்ந்தபின் ஒற்றை விளக்கு எரியும் பால்கோவா கடை வாசல், இப்படி. படத்தில் ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் தெருவின் தனிமை போய்விடும் என்பது என் கட்சி.

தனியாகப் போகப் பயம். பேய்க்கு இல்லை, நாய்க்கு. அதனால் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவேன். பட்டாளத்திலிருந்து திரும்பி, மம்சாபுரத்தில் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லையில் ராக்காவல் பார்த்துப் பழகியவன்; ராத்திரியில் உறக்கம் வராது. கூப்பிட்டால் போதும், நாய்களுக்கு பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கை எடுத்துவிடுவான்.

இருட்டில் கேமராவுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது. லென்ஸ் முன்னும் பின்னுமாக அலையும். எந்த இடம் தெளிவாக வேண்டுமோ அங்கே ஒருவரை செல்போன் டார்ச்சோடு நிற்க வைத்து, அவர் முகத்தில் ஃபோகஸை நிறுத்திவிட வேண்டும். பிறகு அவரை விலகச் சொல்லிவிட்டுத் தெருவை எடுக்கலாம். எனக்கு நின்றது அண்ணன். டார்ச்சை முகத்துக்குக் கீழே பிடித்து, அதிகாரி முன்னால் நிற்பதுபோல விறைப்பாக நிற்பான். சோதனைக்கு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அவன் மீசை முடி தனித்தனியாகத் தெரிந்தால் ஃபோகஸ் சரி. உடனே, "அண்ணே, தள்ளிக்கோ" என்பேன்.

"ஆளே இல்லாத ரோட்டை எடுத்து என்னலே செய்யப்போற?"

"ஆள் இல்லாததுதாம்ணே அழகு."

"அப்ப அழகைக் கெடுக்கத்தான் நான் கூட வாரேனாக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஒதுங்குவான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சோதனைப் படங்களை அழிப்பேன். ஹார்ட் டிஸ்கில் இடத்தை அடைக்கும். சில படங்களில் அவன் சரியாக ஒதுங்கியிருக்க மாட்டான். ஓரத்தில் வேட்டி நுனியோ, சுவரில் நிழலோ விழுந்திருக்கும். பக்கத்துச் சுவரையே எடுத்து அதன்மேல் பூசி மறைப்பேன். விளக்கின் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டி, இருட்டுக்குள் நீலத்தை இறக்கினால் அங்கே ஆள் நின்ற தடமே இருக்காது. அதில் எனக்குப் பெருமை வேறு.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை தோட்டத்தில் மோட்டார் போடப் போன அண்ணன் திரும்பவில்லை. நெஞ்சுவலி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்க்கும்போதே முடிந்திருந்தது.

மதியம் மதினி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, போஸ்டருக்கு நல்ல படமா வைங்க. ராத்திரியெல்லாம் உங்க கூடத்தான அலைஞ்சாவ. எம்புட்டு எடுத்திருப்பீய."

"இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். சொல்லும்போது இருக்கும் என்றுதான் நம்பினேன்.

முதல் ஃபோல்டரிலிருந்து பார்த்தேன். தெரு, தெரு, மறுபடியும் தெரு. நாலு வருஷத் தெருக்களில் அண்ணன் இல்லை. அவன் செல்போனில் மாடும் மோட்டாரும் வாழைத்தாரும்தான் இருந்தன. அவன் கல்யாண ஆல்பம் எப்போதோ மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது; ஆதாரில் தபால்தலை அளவில் மங்கல் முகம்தான். சொந்தக்காரர் கல்யாண ஆல்பங்களைக் கேட்டு வாங்கினேன். கேமரா திரும்பிய பக்கமெல்லாம் அவன் ஒதுங்கியிருக்கிறான். ஒன்றில் தோள் மட்டும் இருந்தது. அந்தக் கல்யாணத்தில் போட்டோக்காரர் கூப்பிட்டபோது, "நான் நின்னா படம் கெட்டுப்போகும்னு எந்தம்பி சொல்லுவான்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். நானும் சிரித்தேன். இப்போது கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கடைசியில் பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த படம்தான் கிடைத்தது. இருபது வயசு, மீசை சரியாக அரும்பாத முகம். நானே டிசைன் செய்தேன். தெருமுக்கில் கட்டியதைப் பார்த்து, "யாரு இந்தச் சின்னப் பையன், பாவம்" என்று தெரிந்தவர்களே கேட்டார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்காகவே சொன்னதுபோல இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் போன பிறகு மதினி கேட்டார். "நெசமாவே ஒண்ணுகூட இல்லையா தம்பி?"

நான் அழித்ததை எல்லாம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்துபோய்ப் பட்டாளத்துப் படத்தின் மாலையைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் லேப்டாப்பில் ரத வீதிப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். முன்னால் தரை கலங்கல். தூரத்தில் கடைகளும் கலங்கல். நடுவில் ஓரிடம் மட்டும் ஈரத்தரையின் பொடிக்கல் வரைக்கும் துல்லியம்.

"இங்ஙனதான் மதினி அண்ணன் நின்னுச்சு. அது நின்னதாலதான் இந்த எடம் தெளிவா இருக்கு. எல்லாப் படத்துலயும் அப்படித்தான்."

அடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். நான் சொல்வதற்கு முன்பே விரலை வைத்து, "இங்ஙனயா?" என்றார். ஆமாம். அடுத்ததிலும் அவரே கண்டுபிடித்தார். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரத வீதிப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பட்டாளத்துப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, வயதைக் கூட்டி, மீசை வைத்து அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னேன்.

"வேண்டாம் தம்பி" என்றார் மதினி. "நீங்க அதுல ஒண்ணும் செய்யாதீய."

அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், பட்டாளத்துப் பையனுக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. வருகிறவர்கள் நல்ல படம் என்கிறார்கள். அதில் பால்கோவா கடை ஷட்டருக்குப் பக்கத்தில், அண்ணனின் நிழலை நான் பூசி மறைத்த சுவர் எனக்கு மட்டும் தெரிகிறது.