பங்கர் வாசலில் ஒரு கண்ணாடி

யுத்த காலத்தில் தன்னாமுனைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். ஷெல் விழத் தொடங்கினால் யாரை யார் பங்கருக்குக் கூட்டிப்போவது என்று திட்டம் வைத்திருந்தோம். வெள்ளை மீசைக்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் அதைக் குழப்புவார். சத்தம் கேட்டதும் சீப்பைத் தேடுவார். வகிடு நேராகும்வரை நகரமாட்டார்.

"உயிர் போற நேரத்தில தலை இழுக்கணுமா ஐயா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"பங்கருக்குள்ள நம்மட மண்டூர் அம்மாவும் இரிப்பாவெல்லோ? கலைஞ்ச தலையோட எப்பிடிப் புள்ள போற?"

மண்டூர் அம்மா எங்கள் இல்லத்தின் பெண்கள் பகுதியில் இருந்தவர். அன்றைக்கே திட்டத்தைத் திருத்தினோம். பங்கர் வாசலுக்கு உட்புறம் ஒரு கண்ணாடியும் சீப்பும் தொங்கின.

அடுத்த முறை பெரியவர் என் கையை இழுத்துக்கொண்டு விரைந்தார். ஆனால் கண்ணாடி காலியாக இல்லை. மண்டூர் அம்மா முன்னமே வந்து, அதன் முன் நின்று கொண்டை முடிந்துகொண்டிருந்தார்.