அக்காவின் துணிப்பந்துகள்

அக்கா தன் மகளை அடிக்கிறார் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் வெறும் மடையனாக இருந்திருப்பேன். அதைச் சொல்லவும் போனேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அந்தக் கதையைக் கொண்டுவந்தவன், அவருடைய ஒரே தம்பியாகிய நானேதான்.

குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்த அக்கா, கலியாணம் முடித்துக் கொக்குவிலுக்குப் போனார். மகள் நடை பழகும் வயதில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் பாடசாலைச் சீருடைகள் தைத்தே பிள்ளையை வளர்த்தார். எவரிடமும் கை நீட்டாதவர். என்னுடைய பகிடிகளுக்குக்கூடப் பாவம் பார்த்துச் சிரிப்பார்.

மகள் பாடசாலையில் பேஸ்போல் விளையாடத் தொடங்கியிருந்த காலம். ஒரு ஞாயிறு பூசையில் பிள்ளையின் தோளுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்ததைக் கண்டேன். அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்கு மீன் கொண்டு போனபோது மதிலுக்கு உள்ளே ‘பொத், பொத்’ என்று சத்தம்.

“கண்ணை மூடாதை! காலை எடுத்தியெண்டால் பார்! இந்தா, இன்னொண்டு வருது!”

“காணும் அம்மா! கை நோகுது!”

கேற்றைத் திறந்து பார்த்திருக்கலாம். நானோ மீன் பையைக் கேற்றில் கொழுவிவிட்டுச் சைக்கிளில் பறந்தேன். சின்னம்மா வீட்டில் தொடங்கிச் சொந்தக்காரர் வீடு வீடாகச் சொன்னேன். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்பதையும் வீடு வீடாகவே சொன்னேன்.

அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினீர்கள். பிள்ளை தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் பெற்ற நாள் விருந்தில் கதிரைகள் அரைவாசி வெறுமையாகக் கிடந்தன.

பிறகொரு நாள் பிள்ளையின் போட்டியைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் இருந்த அக்கா விளங்கப்படுத்தினார். பந்து வந்தால் பிள்ளை பயத்தில் கண்ணை மூடி முன்காலை விலத்துவாளாம். அப்படித் திரும்பியதில்தான் பாடசாலையில் பந்து கையில் பட்டிருக்கிறது. சீருடைத் துணி மிச்சத்தில் பந்து தைத்து, கால் விலகாமலிருக்கப் பிள்ளையின் குதிகாலுக்குப் பின்னால் பலகை போட்டு, பின்னேரங்களில் அக்கா எறிந்து பழக்கியிருக்கிறார். அவள் தவறவிட்ட பந்துகள்தான் மதிலில் விழுந்திருக்கின்றன.

அன்று பிள்ளையின் கால் விலகவில்லை. இடுப்புத் திரும்பியது, கூடவே மட்டை வந்தது, பந்து மைதானத்தின் மறுகரையில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் செய்ததை அக்காவிடம் சொன்னேன்.

“உன்ரை வாய்தான் எண்டு எனக்குத் தெரியுமடா. போய் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லு.”

“நாளைக்கே சொல்லுறன் அக்கா.”

ஊரைச் சிரிக்கவைப்பவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றால் நடுக்கம். நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தேன். அதற்குள் அக்கா நோய் வருத்தத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார்:

“சொன்னனியே?”

“ஓம் அக்கா, எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

“அப்ப ஏன் எங்கடை சொந்தக்காரர் ஒருத்தரும் என்னைப் பாக்க வரேல்லை?”

நான் போத்தலில் தண்ணீர் எடுக்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன்.

இறுதி நாட்களில் அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த கொக்குவில் அயலவருக்கும், நற்கருணை கொடுக்க வந்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்துக்கு வந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா தன் பிள்ளையை ஒருநாளும் அடித்ததில்லை.