கராஜில் நிற்காத மோட்டார்சைக்கிள்

சுகன்யாதேவி மோட்டார்சைக்கிள் ஓடுகிறாள் என்றால் எங்கள் சனத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். நாற்பத்தாறு வயதில் ஓடப் பழகினவள். இரண்டு தரம் சோதனையில் தவறவிட்டு, மூன்றாம் தரம்தான் லைசென்ஸ் எடுத்தாள். "சேலையை எங்கையடி சொருகுவாய்?" என்று முகத்துக்கு நேரே கேட்ட பெண்டுகளும் இருக்கிறார்கள். அவள் சேலை கட்டுவது வருசத்துக்கு இரண்டோ மூன்றோ நாள். மற்ற நாளெல்லாம் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையலுக்கு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நிற்கிறவள்.

எனக்கு அவள் மகள் முறை. அவளின் தகப்பனைப் பெற்றவளும் என்னைப் பெற்றவளும் கூடப்பிறந்த சகோதரிகள். அவர் எனக்கு மூத்தவர், ஆனபடியால் நான் அவளுக்குச் சித்தப்பா. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. முறையில் பிழை வராது.

அவளை இந்த ஜேர்மனிக்குக் கூப்பிட்டது அவளுக்கு நேரே இளையவன் டக்ளஸ். சாப்பாட்டுக் கடையில் தன்னோடு கோப்பை கழுவின ஒருவனுக்குத் தமக்கையைப் பேசி, தொண்ணூற்று மூன்றில் கொலோனுக்கு எடுத்தான். அந்த மனிதன் ஆறு வருசம் இருந்துவிட்டு இன்னொருத்தியோடு கனடாவுக்குப் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. "அவளின்ர வாய்தான் காரணம்" என்று சனம் சொல்லிச்சுது. அவளுக்கு வாயே இல்லை என்பது எனக்குத் தெரியும். தம்பி பார்த்துச் செய்த கலியாணம் என்று டக்ளஸை அவள் ஒரு சொல் சொன்னதில்லை.

அவள் வேலை செய்கிற இல்லம் கொலோனுக்கு வெளியில், வயல்களுக்கு அங்காலே ஒரு ஊரில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். கிழமை நாளில் பஸ் உண்டு. சனி ஞாயிறில் முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். பதினொரு வருசம் சனியும் ஞாயிறும் ஆறு கிலோமீற்றர் நடந்தாள், மழையோ பனியோ. "ஆரையும் கேக்கக்கூடாதே, ஏத்திக்கொண்டு போங்கோ எண்டு?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "கேட்டுப் பாத்திட்டன் சித்தப்பா" என்றாள்.

அப்படித்தான் அந்த மோட்டார்சைக்கிள் வந்தது. ஐந்து வருசம் ஞாயிறு வேலைக் காசைச் சேர்த்து எடுத்த சிவப்பு நிறப் பழைய ஹொண்டா. காப்புறுதி செய்து கொடுத்தது யூட். யூட் என் மருமகன், மகள் சிவப்பிரியாவைக் கட்டினவர். ஒரு காப்புறுதிக் கொம்பனிக்கு முகவர். எங்கள் பக்கத்துச் சனத்தில் பாதிப்பேரின் காரும் வீடும் அவரின் கோப்புக்குள்தான் கிடக்கும். நான் இருப்பதும் அவரின் வீட்டு மேல் அறையில்.

சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் படிவம் நிரப்பினார்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மச்சாள், இரவிலை வண்டியை எங்கை விடுவியள்?"

"வீட்டுக்குப் பின்னாலை கராஜ் வரிசை இருக்கு. ஒண்டை வாடகைக்கு எடுத்திருக்கிறன். பூட்டு இருக்கு."

"அப்ப நல்லது. பூட்டின கராஜ் எண்டால்தான் இந்தத் தொகைக்குக் களவையும் சேர்ப்பாங்கள். இடம் மாறினால் உடனை அறிவிக்கவேணும், விளங்குதோ?"

"ஆருக்கு அறிவிக்கிறது?"

"எனக்குத்தான். வேறை ஆருக்கு?" என்று யூட் சிரித்தார்.

மூன்று வருசம் ஒரு குறையும் இல்லை. அவள் வேலை முடிந்து வந்தால் முதலில் வண்டியைத் துடைத்துக் கராஜுக்குள் விட்டுப் பூட்டுவாள். பிறகுதான் தான் வீட்டுக்குள் போவாள்.

டக்ளஸுக்கு வேலை மணவறை சோடிப்பது. கலியாணம், சாமத்திய வீடு என்றால் தூணும் திரையும் கதிரையும் கொண்டுபோய் மண்டபத்தைச் சோடித்துக் கொடுப்பான். அந்த வருசம் பங்குனியில் அவனின் மகள் கம்சனா பெரியபிள்ளையானதுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். அதற்கு மூன்று கிழமைக்கு முன்னால் சாமான் ஏற்றின வானோடு தமக்கை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, கராஜ் திறப்பைத் தா. இரண்டு கிழமைக்குத்தான். சாமான் வைச்சிருந்த நிலக்கீழ் அறையை வீட்டுக்காரன் திருப்பிக் கேக்கிறான்."

"மோட்டார்சைக்கிளை எங்கையடா விடுறது?"

"ரோட்டிலை விடு. இந்த ஊரிலை ஆர் களவெடுக்கப்போறான்?"

"அது கராஜிலைதான் நிக்கவேணும் எண்டு எழுத்திலை இருக்குது."

"கம்சனாவுக்குத் தண்ணி வார்க்கப்போற மாமி நீ. அவளின்ர மணவறையை மழையிலை நனைய விடப்போறியோ? சொல்லு, இப்பவே இறக்கி வெளியாலை வைக்கிறன்."

தகப்பனின் சகோதரி தண்ணீர் வார்க்காமல் எங்கள் பக்கத்தில் சடங்கு நடக்காது. அந்த ஒரு முறையைப் பிடித்தே அவன் திறப்பை வாங்கிவிட்டான். பன்னிரண்டு தூண், பாரமில்லாத றெஜிபோமில் செய்த வெள்ளை யானை இரண்டு, சுருட்டின சிவப்புக் கம்பளம் எல்லாம் உள்ளே போனது. மோட்டார்சைக்கிள் வெளியே வந்தது. அவள் ஒரு தடித்த சங்கிலி வாங்கிக் கட்டி, உறையும் போட்டுத் தெருவோரம் விட்டாள்.

எங்கள் சனத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். முன்கூட்டியே நாளும் நேரமும் கேட்டு, கந்தோருக்குத் தெர்மின் எடுத்துப் போய்க் கதைப்பது ஜேர்மன்காரர் செய்கிற வேலை. நாங்கள் எல்லா அலுவலையும் மண்டபத்தில் வைத்தே முடிப்போம். சடங்கு வீட்டில் யூட்டைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் கார் மாற்றினதைச் சொல்லுவார், ஒருவர் வீடு மாறினதைச் சொல்லுவார். பலகாரப் பெட்டியை மேசையாக வைத்துக் கையெழுத்துப் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். மோட்டார்சைக்கிள் எடுக்கமுதல் சுகன்யாதேவி வீடு மாறினபோதும் அப்படி ஒரு பிறந்தநாள் வீட்டில்தான் வாயால் சொன்னாள். அடுத்த கிழமையே புது விலாசத்துக்கு வீட்டுக் காப்புறுதிக் கடிதம் வந்தது.

கம்சனாவின் சடங்கில் தண்ணீர் வார்த்து முடிந்து, சேலை நனைந்தபடியே சுகன்யாதேவி சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்தாள். நானும் யூட்டும் நின்றோம்.

"யூட், மோட்டார்சைக்கிள் இப்ப கராஜிலை இல்லை. டக்ளஸின்ர சாமான் கிடக்குது. ரோட்டிலைதான் விடுறன். அதை எழுதிவிடுங்கோ. கூடக் கட்டவேணுமெண்டால் கட்டுறன்."

யூட்டின் ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் கடித்த உளுந்து வடை.

"ஓம் மச்சாள், நான் பாக்கிறன். யோசியாதேங்கோ. முதல் போய்ச் சேலையை மாத்துங்கோ, தடிமன் பிடிக்கப்போகுது."

இதுதான் நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இரண்டு கிழமை என்ற சாமான் ஆவணி கழிந்தும் எடுபடவில்லை. அவள் கேட்டாள். "கோடை முழுக்கக் கலியாணம் அக்கா, நிண்டு மூச்சுவிட ஏலாமல் கிடக்கு" என்றான் டக்ளஸ். புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்புறம் அவள் வேலைக்கு இறங்கினபோது, வெட்டின சங்கிலி மட்டும் நிலத்தில் கிடந்தது. அவள் செய்ததைக் கேளுங்கோ. நடந்தே வேலைக்குப் போய், அறுபது வயோதிபருக்கும் காலைச் சாப்பாடு கொடுத்து முடித்துவிட்டுத்தான் பொலிசுக்கு அறிவித்தாள்.

வண்டி எங்கே நின்றது என்று கொம்பனி படிவம் அனுப்பிக் கேட்டது. தெருவில் என்று உள்ளதை எழுதினாள். அது தெரிந்து யூட் அவளுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துக் கதைத்ததால் எனக்கும் கேட்டது.

"ஏன் மச்சாள் அப்பிடி எழுதினனீங்கள்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதே?"

"உங்களுக்குத்தானே பங்குனியிலை சொன்னனான்."

"எனக்கோ? எப்ப?"

"கம்சனாவின்ர சடங்கிலை. சித்தப்பாவும் நிண்டவர்."

யூட் என்னைப் பார்க்கவில்லை. "அண்டைக்கு நூறு பேர் நூறு கதை சொல்லியிருப்பினம் மச்சாள். அப்பிடி ஒண்டை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை" என்றார்.

ஒரு மாதத்தில் கொம்பனியின் மறுப்புக் கடிதம் வந்தது. கராஜ் என்று உடன்பட்டுவிட்டு வண்டியை மாதக்கணக்கில் தெருவில் விட்டிருக்கிறீர்கள், எங்களுக்கு அறிவிக்கவுமில்லை, ஆனபடியால் களவுக்குத் தரமாட்டோம் என்று. செய்தி கேட்ட டக்ளஸ், "பொம்பிளைக்கு என்னத்துக்கு மோட்டார்சைக்கிள் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றான். சொல்லும்போது அவனின் யானை இரண்டும் அவளின் கராஜுக்குள்தான் நின்றன.

அவள் சும்மா இருக்கவில்லை. காசு கட்டி ஏமாந்த பாவனையாளருக்கு ஆலோசனை சொல்லும் கந்தோருக்கு, இந்த முறை தெர்மின் எடுத்தே போனாள். அங்கே இருந்த ஜேர்மன் பெண்பிள்ளை, முகவருக்குச் சொன்னால் அது கொம்பனிக்குச் சொன்னதுதான், சொன்னதைக் கேட்ட ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்தால் வழக்காடலாம் என்றாளாம்.

ஒரு புதன்கிழமை, யூட் வேலைக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தாள். கடதாசியில் மேலே ஜேர்மனும், எனக்கு விளங்கவேண்டும் என்று கீழே தமிழும் எழுதியிருந்தது. சிவப்பிரியா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"அக்கா, அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவரை ஏன் இதுக்கை இழுக்கிறியள்?"

"இழுக்கேல்லைச் சிவா. அண்டைக்கு என்ன கேட்டவரோ அதைச் சொல்லட்டும்."

"அங்கை மேளம் அடிச்சுக்கொண்டு கிடந்தது. ஆருக்கு என்ன கேட்டிருக்கும்? இவர் வேலையை இழந்தால் வீட்டுக்கடனை ஆர் கட்டுறது? பிள்ளையள் இரண்டும் படிக்குதுகள். நீங்கள் தனி ஆள் அக்கா, உங்களுக்கு உது விளங்காது."

சுகன்யாதேவி கடதாசியை என் பக்கம் தள்ளினாள். என்னைத்தான் பார்த்தாள். "சித்தப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

என் மகள் கதவடியில் நிற்கிறாள். நான் இருப்பது அவளின் வீட்டில். காலையில் என் மருந்தை எண்ணித் தருவது அவள்.

"அந்தச் சத்தத்திலை... எனக்குச் சரியா ஞாபகமில்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் கடதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "தேத்தண்ணி நல்லாயிருக்குச் சிவா" என்று சொல்லி, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

கொம்பனியின் முடிவு மாறவில்லை. சாட்சி இல்லாமல் வழக்குக்குப் போகவேண்டாம் என்று அந்த ஜேர்மன் பிள்ளையும் சொல்லிவிட்டாள். மோட்டார்சைக்கிள் இல்லாதவளுக்குக் கராஜ் எதற்கு? மாத முடிவோடு விடுகிறேன் என்று சொந்தக்காரனுக்கு எழுதிக் கொடுத்தாள். டக்ளஸ் போனில் கத்தினானாம். "இத்தனை சாமானையும் நான் எங்கை கொண்டுபோறது?"

"ரோட்டிலை விடு" என்றாளாம். அவள் தம்பியை எதிர்த்துச் சொன்னது எனக்குத் தெரிய அந்த ஒன்றுதான்.

யூட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இப்போதும் மண்டபத்தில் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். சுகன்யாதேவிதான் எந்த மண்டபத்துக்கும் வருவதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் திரும்பவும் சனி ஞாயிறில் நடக்கிறாள். தை மாதம் வயல் ரோட்டில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது என்று கேள்விப்பட்டேன்.

அதைக் கேட்டபிறகு என்னால் பொறுக்க ஏலாமல் போய்விட்டது. சிவப்பிரியா கடைக்குப் போன நேரம் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அந்தக் கடதாசி இருக்கோ? கொண்டு வா. நான் கையெழுத்து வைக்கிறன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

அவள் வேலை செய்கிற குசினியில் பாத்திரங்கள் அடிபடுகிற ஓசை கேட்டது.

"தெரியும் சித்தப்பா. அண்டைக்கும் தெரியும்" என்றாள். "வைச்சால் பிறகு நீங்கள் எங்கை போவியள்? என்னட்டை இருக்கிறது ஒரு அறை. அதுவும் மூண்டாம் மாடி, லிப்ட் இல்லை."

"மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ, அடுப்பிலை வேலை கிடக்குது" என்று போனை வைத்துவிட்டாள். நான் திரும்ப எடுக்கவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை.