அண்ணன் கழற்றிய சாரி கார்டு

என் அறைச் சுவரில் தோள் உயரத்தில் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. சென்ற மாதம்வரை அவற்றின்மேல் ஒரு சாரி கார்டு மாட்டியிருந்தது. மோட்டார் பைக்கின் பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க இடப்பக்கம் பொருத்துவார்களே, அந்த வளைந்த கம்பிச் சட்டம்தான். அதன் அடியில், ஒருக்களித்து உட்காரும் பெண்கள் கால் வைக்க ஒரு சிறு தகடு உண்டு. கம்பியில் துண்டு காயப்போடுவேன், தகட்டில் சோப்பு டப்பா வைப்பேன். கோயம்புத்தூரில் நான் வேலை செய்யும் பம்ப் கம்பெனியிலிருந்து யாராவது அறைக்கு வந்தால் பார்த்துச் சிரிப்பார்கள். பைக் எங்கே என்று கேட்பார்கள். பைக் அண்ணனிடம் இருக்கிறது என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

அந்த பைக் எனக்கு வேலை கிடைத்ததால் வாங்கப்பட்டது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் இது நினைவில் இல்லை. தொண்ணூற்றொன்பதில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, கொல்லிமலையில் தேவனூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் ஒரு பயிற்சி மையத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. மலைப் பிள்ளைகளுக்கு மோட்டாருக்குக் காயில் சுற்றவும் பம்ப் பழுது பார்க்கவும் சொல்லித்தர வேண்டும். எங்கள் வீடு அடிவாரத்தில், தோட்டத்துக்குள். காலையில் ஏற பஸ் உண்டு. மாலையில் வகுப்பு முடியும் முன்பே கடைசி பஸ் இறங்கிவிடும். மலையில் அறை எடுத்துத் தங்குகிறேன் என்றேன். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் மரவள்ளிக் கிழங்கு லோடு பேசுவதற்காகத் தினமும் அரியூர் நாட்டுப் பக்கம் போகிறவர். "அண்ணங்கூடப் போயி அண்ணங்கூட வாரதுன்னா போ கண்ணு. இல்லீன்னா வேண்டாம்" என்றார் அப்பா. அந்த நிபந்தனைக்காகத்தான் பைக் வந்தது. சாரி கார்டோடு வந்தது.

அண்ணன் கெட்டவர் அல்ல. அப்படிச் சொல்லிவிட முடிந்திருந்தால் இதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும். ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "கெட்டியாப் பிடிச்சுக்க" என்பார். பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி எனக்குப் பால் வாங்கித் தருவார். அங்கே இருக்கிறவர்களிடம், "என்ற தங்கச்சி, மேல வாத்தியாரம்மா. மோட்டார உள்ளாற பிரிச்சு வெளிய மாட்டும்" என்று கேலியும் பெருமையுமாகச் சொல்வார். அந்த முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. தகட்டில் கால் ஊன்றி, மடியில் பையை வைத்துக்கொண்டு, மிளகுக்கொடி ஏறிய மரங்களைப் பார்த்தபடி அன்றைய பாடத்தை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து பையன்கள் பைக்குகளோடு வர ஆரம்பித்தார்கள். வளைவுகளில் முட்டி தரையில் உரசுகிற மாதிரி சாய்த்து ஓட்டினார்கள். அவர்களில் ஒருவனுடைய வண்டியில் அண்ணன் ரியர்செட்டைப் பார்த்தார். ஓட்டுகிறவர் கால் வைக்கும் கட்டையையும், கியர், பிரேக் மிதிகளையும் பின்னால் தள்ளி மேலே ஏற்றிவைக்கிற ஒரு ஜோடி அலுமினியத் தகடுகள் அவை. அதைப் போட்டால் ஓட்டுகிறவர் ரேஸ்காரனைப் போலக் குனிந்துதான் உட்கார முடியும். அண்ணன் இருப்பதிலேயே மலிவான ஒரு ஜோடியை சேலத்தில் வாங்கி வந்தார். அச்சில் வார்த்த பிசிறுகூடச் சரியாக ராவப்படாமல் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தபோது என் விரலைக் கீறியது.

அதைப் பொருத்துவதற்குக் கழற்றியவை இவை: அண்ணன் கால் வைத்த பழைய கட்டைகள், பழைய பிரேக் மிதி, பழைய கியர் மிதி, பின்னால் உட்காருகிறவரின் ஃபுட்ரெஸ்ட், சாரி கார்டு. கடைசி இரண்டும் இருந்த போல்ட்டில்தான் ரியர்செட்டின் தகடு உட்கார வேண்டும். ஞாயிறு காலையில் அண்ணனும் அவருடைய சிநேகிதரும் களத்தில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். நான் சமையலறையில் இருந்தேன். சற்று நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தமும், அம்மாவின் கத்தலும், சோளத்தட்டுப் போரில் எதுவோ மோதும் சத்தமும் வந்தன. ஓடிப்போய்ப் பார்த்தால் போருக்குள் முன்சக்கரத்தைச் சொருகிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். கியர் தலைகீழாக விழுந்திருந்தது. குறைப்பதாக நினைத்துக் கூட்டியிருக்கிறார்.

"இஞ்சினியரம்மா, கொஞ்சம் இப்படி வாங்க" என்றார், தலையில் தட்டைச் சருகோடு. சிநேகிதர் சிரித்தார். "பொம்பளப்புள்ளையக் கூப்புட்டா வண்டி ஓட்டற?"

கியர் தண்டின் பல்லில் மாட்டியிருந்த சிறிய கை, மேலே பார்ப்பதற்குப் பதிலாகக் கீழே பார்த்தபடி இருந்தது. அதை உருவித் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனால் நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. "நான் எங்கீங்ண்ணா கால் வெக்கறது?" என்று கேட்டேன்.

அண்ணன் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் அது அவருக்குத் தோன்றியது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான போல்ட்டும் நடுவில் இடைவெளிக்கு ஒரு சிறு குழாய்த் துண்டு மாதிரி புஷ்ஷும் போட்டால் ரியர்செட்டோடு சாரி கார்டையும் மாட்டலாம் என்றேன். "ரேஸ் வண்டில சாரி கார்டா, பாக்கறவன் சிரிப்பான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி சரி. வர்ற ஞாயித்துக்கெழம போல்ட்டு வாங்கியாந்து போட்டுத்தாரேன்" என்றார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல், "அதான் போட்டுத்தாரேங்கறானல்ல. பண்ணிக்குடு கண்ணு" என்றார். பண்ணிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அண்ணன் காலையிலேயே மலைக்குப் போய்விட்டார். சேலத்துப் பையன்கள் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

கால் வைக்க இடமில்லாமல் ஒருக்களித்து உட்கார்ந்து கொல்லிமலை ஏறுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இடக்கையால் சீட்டின் பின்கம்பியைப் பிடிக்க வேண்டும். வலக்கையால் பையையும் சேலைக் கொசுவத்தையும் சேர்த்து மடியில் அழுத்த வேண்டும். கால்கள் தொங்கும். தொங்குகிற கால் கனக்கும். கனத்த கால் வளைவில் வெளியே இழுக்கும், அதனால் தொடையை இறுக்கியே வைத்திருக்க வேண்டும். அண்ணனுடைய கால் இப்போது பின்னால் வந்துவிட்டதால், அவர் கியர் மாற்றும்போதெல்லாம் குதிகால் என் கெண்டைக்காலில் இடிக்கும். அந்த மலையில் கியர் மாற்றாமல் ஒரு நிமிடம் போக முடியாது. கிக்கர் புதிய கட்டையில் தட்டியதால் வண்டியை உதைத்துக் கிளப்பவும் முடியாது. மலையில் சரிவில் உருட்டிக் கிளப்புவார். வீட்டில் சமதரை, ஆகவே நான் தள்ளுவேன். வேலைக்குப் போகும் சேலையோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலிலிருந்து வேலிப் படல்வரை தள்ளுவேன். அப்பா பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

வகுப்பில் முதல் மணி நேரம் தொடை நடுங்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடம் நடத்தினேன். வேலை செய்யும் மேஜையருகே நின்று சொல்லித்தருகிறவள் உட்கார்ந்துவிட்டதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். மாணவிகளில் ஒருத்தி மட்டும் ஒரு நாள் என் காலைப் பார்த்து, "டீச்சர், எங்க இடிச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டாள். கெண்டைக்கால் கன்றிப்போய் இருந்தது. அவளிடம் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

வீட்டில் ஏன் சண்டை போடவில்லை என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். என்னால் இந்த வண்டியில் போக முடியாது என்று சொன்னால், அதற்குப் பதில் ஏற்கனவே தயாராக இருந்தது: இல்லீன்னா வேண்டாம். அண்ணனோடு போகிறவரைதான் வேலை. அதனால் காலைப் பற்றி எவ்வளவு சொல்லலாம், எந்த அளவுக்குமேல் சொல்லக் கூடாது என்பதை ஒவ்வொரு நாளும் அளந்துகொண்டிருந்தேன். "போல்ட்டு வாங்கீட்டீங்களாண்ணா?" என்று மட்டும் சனிக்கிழமைதோறும் கேட்பேன். "மறந்துட்டம்புள்ள" என்பார். போல்ட்டையும் புஷ்ஷையும் நானே வாங்கிவந்து கொடுத்தபோது, "வெச்சுட்டுப் போ" என்றார். மோட்டார் ரூமில், சாரி கார்டு தொங்கிய ஆணியிலேயே அந்தப் பொட்டலத்தையும் மாட்டினார்.

ஆடி பிறந்ததும் காற்று கிளம்பியது. அடிவாரத்து ஆடிக் காற்று துணிகளைக் கொடியோடு தூக்கிப் போகும். நான் கொசுவத்தில் இரண்டு பின் கூடுதலாகக் குத்தினேன். ஒரு காலை, ஏறுகிற வழியில், வளைவொன்றில் எதிரே கிழங்கு லோடு லாரி இறங்கியது. அண்ணன் ஒதுங்கி வண்டியைச் சாய்த்தார். காற்று சேலையின் ஓரத்தைத் தூக்கியது. எடுத்து மடியில் வைக்க ஒரு கை தேவைப்பட்டது. எந்தக் கையை விடுவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் சேலை ஆரக்கம்பிகளுக்குள் போய்விட்டது. மேட்டு வளைவு என்பதால் வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இல்லையென்றால் கணுக்கால் எலும்பு முறிந்ததோடு போயிருக்காது.

அண்ணன்தான் என்னைத் தூக்கினார். லாரிக்காரரை நிறுத்தி, முன்சீட்டில் படுக்கவைத்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினார். வழியெல்லாம் அழுதார். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அழுகை பொய்யில்லை. அதை இன்றும் நம்புகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு அப்பா வந்தார். காலைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "எப்படீடா ஆச்சு?" என்று கேட்டார்.

எனக்காக அண்ணன் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். சாரி கார்ட நான் கழட்டுனேன். அதைச் சொல்லியிருந்தால் அப்பா அவரைத் திட்டியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் கார்டு வண்டியில் ஏறியிருக்கும். கட்டுப் பிரித்ததும் நான் வேலைக்குப் போயிருப்பேன். படுக்கையில் கிடந்தபடி அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ சேலையச் சரியாச் சொருகலீங்ப்பா" என்றார்.

நான் சொன்னேன். கார்டு இல்லை, ஃபுட்ரெஸ்ட் இல்லை, போல்ட் வாங்கிக் கொடுத்தும் போடவில்லை என்று வரிசையாக, குரல் உயராமல் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். "இத்தன நாளும் அது இல்லாமத்தான போயிட்டு வந்த?" என்றார். போய்வந்தேன்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்த ஒவ்வொரு நாளும் அண்ணன் பக்கம் சாட்சி சொன்னது.

பேச்சு பைக்கைப் பற்றித் திரும்பவே இல்லை. பொட்டப்புள்ளைக்கு மலையில் எதுக்கு வேலை என்பதில் போய் நின்றது. மையத்துக்கு அப்பாவே ஆள் அனுப்பி நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதிலாக வந்தவர் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார், பிறகு நிரந்தரமானார் என்று கேள்விப்பட்டேன். ரியர்செட் வண்டியிலேயே இருந்தது. அண்ணன் தினமும் மலைக்குப் போனார். கிளப்புவதற்கு யாரையாவது கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது, மோட்டார் ரூமுக்குப் போய் அந்தச் சாரி கார்டையும் பொட்டலத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன். என்னுடையது என்று அந்த வண்டியில் இருந்தது அது மட்டும்தான்.

சென்ற மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். அதற்குச் சில நாள் முன்னால் அப்பா போன் செய்தார். "கண்ணு, அந்தச் சாரி கார்டு உன்கிட்டயா இருக்குது? வாரப்ப எடுத்துட்டு வா. புதுப்பொண்ணு உக்காரோணுமல்ல. கால் வெக்க எடமில்லாம எப்படி மலங்காட்டு ரோட்டுல போறது?"

துண்டை எடுத்துவிட்டு, கம்பியைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். களத்தில் அதே இடத்தில் வண்டி நின்றது. நீளமான போல்ட்டும் புஷ்ஷும் தேவைப்படவில்லை. அண்ணன் ரியர்செட்டையே கழற்றிக்கொண்டிருந்தார். விசிலடித்தபடி, ஒரு டீ ஆறுகிற நேரத்தில் கழற்றி முடித்தார். அதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. பழைய கட்டைகளையும் மிதிகளையும் அவர் மாட்ட, கார்டை நான் பொருத்தினேன். போல்ட்டை முடுக்கும்போது, பக்கத்தில் குந்தியிருந்தவர் மெல்லக் கேட்டார். "இன்னும் எம்மேல கோவமாவா இருக்கற?"

"பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனரக் குடுங்க" என்றேன். கொடுத்தார்.

முடுக்கியதும் வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தகட்டின்மேல் என் முழு எடையோடு ஏறி நின்று பார்த்தேன். உட்காரப்போகிற பெண்ணுக்கும் எனக்கும் எந்தக் கணக்கும் இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் இருவரும் பெண் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அண்ணி பட்டுச்சேலையில் ஒருக்களித்து உட்கார்ந்தார். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். வண்டியருகே குனிந்து, அந்தத் தகட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலு நல்லா எட்டுதா சாமி?" என்று கேட்டார்.

"எட்டுதுங்க மாமா" என்றார் அண்ணி.

நான் வாசலில் நின்றிருந்தேன். மழைக்காலத்தில் வலிக்கிற கணுக்காலிலிருந்து எடையை மாற்றி மறுகாலில் நின்றேன். யாரும் தள்ளாமலே வண்டி கிளம்பிப் போனது.

இங்கே அறையில் ஆணிகள் அப்படியே இருக்கின்றன. துண்டை நாற்காலியின் முதுகில் போடுகிறேன், அங்கே சரியாகக் காய்வதில்லை. கடையில் ஒரு கம்பி வாங்கி மாட்டலாம். அளவுகூட எடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஆணிகளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் கேள்விதான் காதில் விழுகிறது. எனக்கு எட்டவில்லை என்ற பதில் பல வருடங்களாக என்னிடம் இருந்தது. அப்பா என்னிடம் கேட்டதே இல்லை.