கீழிருந்து இயங்கிய வரிகள்

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதுவும் நடுராத்திரியில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில்.

எங்கள் மருத்துவமனையின் மெயில் சர்வருக்கு அன்று காலை அப்டேட் போட ஆரம்பித்தவர் என் சீனியர். சிடுமூஞ்சி அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பாதியில் டீ குடிக்க வெளியே போனவரை லாரி அடித்துவிட்டது. இப்போது மேல்மாடி ஆபரேஷன் தியேட்டரில் கிடந்தார்.

பாதியில் நின்ற அப்டேட், மெயில் சேவைகளை எல்லாம் முடக்கிவிட்டிருந்தது. அண்ணனுக்கு எந்த ரத்தம் சேரும் என்ற ரிப்போர்ட் வெளி லேபிலிருந்து மெயிலில்தான் வர வேண்டும். எழுத்தில் பார்க்காமல் ஏற்ற மாட்டார்கள். அவர் மனைவி போன் செய்தார்.

"சீக்கிரம் பண்ணும்மா."

"பண்ணாம எழுந்திரிக்க மாட்டேன் அண்ணி."

சர்வர் அறையில் நான் மட்டும். அப்டேட்டை மறுபடி ஓட்டினேன். நின்றது. அட்மின் உரிமையோடு ஓட்டினேன். ஒருவழியாக முடிந்தது. ஆனால் சேவைகள் முடங்கியேதான் இருந்தன. திரையில் முடங்கிய சேவைகளின் பட்டியல், சேவைக்கு ஒன்றாக முப்பது வரிகள். மேலிருந்து ஒவ்வொன்றாக இயக்கிக்கொண்டு வந்தேன்.

அப்போது கடைசி வரி தானாக இயங்கியது...

அதற்கு மேல் வரி. அதற்கும் மேல்.

எவனோ வெளியிலிருந்து சர்வருக்குள் புகுந்திருக்கிறான். யார் என்று பார்த்தேன். அண்ணனின் கணக்கு. உள்ளே வந்த நேரம் மதியம் 2:20.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவன்டா நீ? அவரு உயிருக்குப் போராடுறாரு, அவரு பேர்ல வந்து விளையாடுறியா?"

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

டிக்.

இன்னொரு வரி.

டிக்... டிக்...

சத்தம் என் மௌஸில் இல்லை. பக்கத்தில், அண்ணனின் காலி நாற்காலிக்கு முன்னால்.

ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நீ யாரா வேணா இரு. நான் போக மாட்டேன்."

மேலிருந்து நான்.

கீழிருந்து அது.

நடுவில் ஒரே வரி.

என் கைமேல் ஏதோ பட்டது... சில்லென்று.

அழுத்தினேன்.

மணி 2:24. அண்ணனின் கணக்கு வெளியேறியது.

கேபிளைச் செருகினேன். மெயில்கள் கொட்டின. ரிப்போர்ட் மேலே போனது, ரத்தம் ஏறியது, அண்ணன் பிழைத்தார்.

மூன்றாம் நாள் வராந்தாவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்கிட்ட சொல்லவே இல்லம்மா. ரெண்டு இருபதுக்கு அவரு நெஞ்சுத்துடிப்பு நின்னுபோச்சு. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. நாலு நிமிஷம் கழிச்சு... தானா வந்துச்சாம்."